சுவருக்குள் ஒரு குளிர்காலம்

2008 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கிளேசியர் பாயின்ட் என்ற மலைமுகட்டிலிருந்து பாறைகள் பெயர்ந்து, அடிவாரத்திலிருந்த கர்ரி வில்லேஜ் தங்குமிடத்தின் மேல் விழுந்தன. பாறை உருளக்கூடிய எல்லைக்குள் இருந்த அறைகளை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். இழந்த இடத்தை ஈடுகட்ட அடுத்த ஆண்டு 91 புதுக் கூடாரங்கள் எழுந்தன. அங்கிருந்த பழைய கூடாரங்கள் மரச்சட்டத்தின் மேல் ஒற்றைக் கான்வாஸ் துணியைப் போர்த்தியவை. ராத்திரிக் குளிர் நேரே உள்ளே இறங்கும். புதியவற்றுக்கு இரட்டைச் சுவர். வெளியே கான்வாஸ், உள்ளே பலகை, இரண்டுக்கும் நடுவில் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் ஃபோம். குளிர் மாதங்களிலும் விருந்தாளிகள் போர்வைக்குள் சுகமாகத் தூங்கலாம்.

2012 கோடையில் யோசெமிட்டிக்குப் போய்விட்டு வீடு திரும்பியவர்களில் சிலருக்குக் காய்ச்சலும் உடல்வலியும் கண்டன. சில நாளில் மூச்சுத் திணறல். மொத்தம் 10 பேருக்கு நோய் உறுதியானது. மூன்று பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் தங்கியிருந்தது அந்த இரட்டைச் சுவர்க் கூடாரங்களில். அதிகாரிகள் சுவரைப் பிரித்துப் பார்த்தபோது, ஃபோமைக் குடைந்து மான் சுண்டெலிகள் கூடு கட்டியிருந்தன. மனிதர் கதகதப்பாக இருக்க வேண்டும் என்று விட்ட இடைவெளி, எலிக்கும் கதகதப்பாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள் எலி வந்துவிட்டது என்றால் நம் யோசனை உடனே பொறிக்கும் விஷத்துக்கும் போகிறது. நான் படித்த வரையில், அந்தத் தொல்லை தொடங்குவதும் முடிவதும் சுவரில்தான்.

குளிர்நாடுகளில் இது ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் நடப்பது. டொரன்டோவிலும் லண்டனிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்: முதல் உறைபனி விழுந்த வாரத்தில் அரிசி மூட்டையின் ஓரம் கிழிந்திருக்கும், கரண்டி வைக்கும் இழுப்பறையில் அரிசிமணி நீளத்துக்குக் கறுப்புப் புழுக்கைகள் கிடக்கும். நம் ஊரில் பனி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பு வளைகளுக்குள் தண்ணீர் ஏறும்போது எலிகள் மேடு தேடி வீட்டுப் பக்கம் ஒதுங்குகின்றன. காரணம் வேறானாலும் கணக்கு ஒன்றே. வெளியே உயிரோடு இருக்க ஆகும் செலவு கூடிவிட்டது.

அந்தச் செலவைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வீட்டுச் சுண்டெலியின் எடை 15 முதல் 20 கிராம். உடல் சிறுத்துக்கொண்டே போனால், எடை குறையும் வேகத்துக்குத் தோலின் பரப்பு குறையாது. அதனால் சிறிய பிராணி உண்டாக்கும் வெப்பத்தில் பெரும்பங்கு தோல் வழியாகப் போய்விடும். எந்த வெப்பநிலையில் கூடுதல் சக்தி செலவழிக்காமல் ஒரு பிராணி தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ள முடியுமோ, அது சுண்டெலிக்கு ஏறக்குறைய 30 டிகிரி செல்சியஸ். நமக்கு இதமாக இருக்கும் 21 டிகிரி அறைகூட அதற்குக் குளிர்தான். ஆய்வுக்கூடங்களில் காலங்காலமாக 20, 22 டிகிரியில் எலிகளை வளர்த்து உடல்பருமனையும் மருந்துகளையும் சோதித்துவந்த விஞ்ஞானிகள், நாம் இத்தனை நாள் குளிரில் நடுங்கும் பிராணியையா ஆராய்ந்தோம் என்று இப்போது தங்களுக்குள் விவாதிக்கிறார்கள்.

வீட்டுச் சுண்டெலி குளிர்கால உறக்கத்துக்குப் போவதில்லை. கரடியைப் போலக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் படுத்திருக்க அந்த உடலில் இடம் ஏது? அது செய்வது வேறு. உடலிலுள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துச் சூடு உண்டாக்கும். அதிகமாகத் தின்னும். ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, கூடு கட்டும். துணி, காகிதம், பஞ்சு, உரோமம் எது கிடைத்தாலும் பல்லால் இழை இழையாகக் கிழித்து, உருண்டையாகச் சுருட்டி, நடுவில் குழி விட்டு அதற்குள் புகுந்துகொள்ளும். வெளியே உறைபனி இருந்தாலும் அந்த உருண்டைக்குள் தனி வெப்பநிலை. நல்ல கூடும் பக்கத்திலேயே உணவும் கிடைத்துவிட்டால் சுண்டெலி குளிரைப் பொருட்படுத்தாது.

இதற்கு லண்டனில் ஒரு வலுவான சாட்சி கிடைத்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் உணவுக் கிடங்குகளைக் காக்க எலிகளைப் பற்றிய தீவிர ஆராய்ச்சி நடந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் சார்ல்ஸ் எல்டன் நடத்திய விலங்குத்தொகை ஆய்வு நிலையம் அதன் மையம். இறைச்சியை உறையவைக்கும் குளிர்பதனக் கிடங்குகளில் சுண்டெலிகள் குடியிருப்பதை அவர்கள் ஆராய்ந்தார்கள். உறைநிலைக்குக் கிட்டத்தட்ட 10 டிகிரி கீழே, வெளிச்சமே இல்லாத இடம், தின்ன இறைச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. இறைச்சியைச் சுற்றியிருந்த சாக்குத்துணியைக் கிழித்துக் கூடு கட்டி, அங்கேயே குட்டி போட்டு வாழ்ந்தன. சாதாரண வீடுகளின் சுண்டெலிகளைவிட அவை கனத்த உடலோடு இருந்தன. ஆகவே குளிர் எலியை வீட்டுக்குள் துரத்துகிறது என்ற பேச்சு பாதி உண்மைதான். வெளியே அந்த மாதங்களில் விதை தீர்ந்துவிடுகிறது, புல் மடிந்து மறைவிடம் போய்விடுகிறது, கூட்டுக்கான பொருள் நனைந்து கிடக்கிறது. வீட்டில் இவை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

மனிதனோடு இந்தக் குடித்தனம் எப்போது தொடங்கியது என்பதற்கும் விடை உண்டு. அது பற்களில் இருந்து வந்தது. மேற்காசியாவின் லெவான்ட் பகுதியில் நட்டூஃபியர் என்று தொல்லியலாளர் அழைக்கும் மக்கள் ஏறக்குறைய 15,000 ஆண்டுகளுக்கு முன் கல்வீடுகள் கட்டி ஒரே இடத்தில் தங்கத் தொடங்கினார்கள். விவசாயம் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முந்திய காலம் அது. காட்டுத் தானியத்தைப் பொறுக்கி வாழ்ந்தவர்கள். அவர்களுடைய குடியிருப்புகளில் புதைந்திருந்த சுண்டெலிக் கடைவாய்ப் பற்களை ஓர் ஆய்வுக் குழு அளந்து, 2017ல் முடிவுகளை வெளியிட்டது. அந்த நிலத்தில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று குட்டைவால் கொண்ட காட்டுச் சுண்டெலி. மற்றது நீண்ட வாலுள்ள, இன்று உலகெங்கும் பரவியிருக்கும் வீட்டுச் சுண்டெலி. மனிதர் நாடோடிகளாக இருந்த காலங்களில் காட்டினத்தின் பற்களே மிகுதி. அவர்கள் நிலையாகத் தங்கிய காலங்களில் வீட்டினம் மேலோங்குகிறது. பின்னர் மறுபடி அலையத் தொடங்கியபோது காட்டினம் திரும்பி வருகிறது. மனிதர் ஓரிடத்தில் எவ்வளவு காலம் உட்கார்ந்தார்கள் என்பதை எலிப்பல் சொல்லிவிடுகிறது. இன்றைக்கு நம் அலமாரியில் ஓடுவது நாம் வீடு கட்டியதாலேயே உருவான ஒரு வாழ்முறையின் வாரிசு. வயலில் வழி தவறி வந்த பிராணி அல்ல. அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறு உயிர்மீது வியப்பு குறைவதேயில்லை.

வியப்பு வேறு, ஆபத்து வேறு. யோசெமிட்டியில் நடந்ததைப் புரிந்துகொள்ள 1993க்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்களும் ஒரு புள்ளியில் சந்திக்கும் வறண்ட மேட்டுநிலம் அது. நவஹோ பழங்குடியினரின் தாயகம் அங்கேதான். 1993 மே மாதம், நல்ல ஆரோக்கியமான ஓட்டப்பந்தய வீரர் ஒருவர் திடீர் மூச்சுத் திணறலால் இறந்தார். அதற்குச் சில நாள் முன்புதான் அவர் மணக்கவிருந்த பெண்ணும் அதே மாதிரி இறந்திருந்தார். நுரையீரல் முழுக்கத் திரவம். மருத்துவர்கள் விசாரித்தபோது அதே பகுதியில் இளைஞர்கள் வேறு சிலரும் இப்படியே இறந்தது தெரிந்தது. பத்திரிகைகள் அதற்கு நவஹோ காய்ச்சல் என்று பெயர் சூட்டின. அந்த மக்கள் போன இடமெல்லாம் ஒதுக்கப்பட்டார்கள். துக்கத்தின் மேல் அவமானத்தையும் சேர்த்த அநியாயம் அது.

ஜூன் முதல் வாரத்துக்குள் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் காரணத்தைக் கண்டது. ஹன்டா வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த, அதுவரை அறியப்படாத ஒரு வைரஸ். அந்தக் குடும்பத்தில் முன்பே அறிமுகமானது கொரியப் போரில் ஆயிரக்கணக்கான வீரர்களைப் படுக்கவைத்தது. அதை 1970களில் தென்கொரிய விஞ்ஞானி ஹோ வாங் லீ வயல் எலியின் உடலில் கண்டுபிடித்திருந்தார். அது சிறுநீரகத்தைத் தாக்கும். அமெரிக்காவில் வந்ததோ நுரையீரலைத் தாக்கியது. எலியிடம் இருக்கலாம் என்று ஊகித்து, நோயாளிகளின் வீடுகளைச் சுற்றிப் பொறி வைத்து ஏறக்குறைய 1,700 கொறிவிலங்குகளைப் பிடித்தார்கள். அதிகம் சிக்கியது மான் சுண்டெலி. முதுகு பழுப்பு, வயிறும் பாதமும் வெள்ளை, பெரிய கண், பெரிய காது, மேல்பக்கம் கருத்துக் கீழ்ப்பக்கம் வெளுத்த வால். பிடிபட்ட மான் சுண்டெலிகளில் சுமார் 30 விழுக்காட்டில் தொற்றின் அடையாளம் இருந்தது. எலிக்கு நோய் வருவதில்லை. அதன் சிறுநீரிலும் எச்சிலிலும் புழுக்கையிலும் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கும்.

ஏன் அந்த ஆண்டு? இதற்கு விடை வைத்திருந்தவர்கள் சூழலியல் ஆய்வாளர்கள். நியூ மெக்சிகோவில் செவியெட்டா என்ற இடத்தில் அவர்கள் பல ஆண்டுகளாகக் கொறிவிலங்குகளைப் பிடித்து எண்ணிக் குறித்துவந்தார்கள். எல் நினோ காரணமாக 1991 இறுதியிலும் 1992லும் அந்த வறண்ட நிலத்தில் பனியும் மழையும் கொட்டின. பின்யான் என்ற பைன் மரங்கள் அமோகமாகக் காய்த்தன, பூச்சியும் பெருகியது. 1992 மே மாதத்துக்கும் 1993 மே மாதத்துக்கும் இடையில் மான் சுண்டெலிகள் பத்து மடங்கு ஆகிவிட்டன. அவ்வளவு எலிகளுக்கும் இடம் வெளியில் ஏது? வீடுகளுக்கும் கொட்டகைகளுக்கும் வந்தன.

நவஹோ மூதாட்டிகளும் முதியவர்களும் இதை வேறு வழியில் அறிந்திருந்தார்கள். பின்யான் கொட்டை அதிகம் விளையும் ஆண்டில் எலி பெருகும், எலி பெருகினால் நோய் வரும் என்பது அவர்களுடைய வாய்மொழி அறிவு. 1918லும் 1933லும் அப்படி நடந்ததாக நினைவு கூர்ந்தார்கள். எலி வெளியுலகைச் சேர்ந்தது, மனிதரின் வீட்டுக்குள் அதற்கு இடமில்லை. எலி தொட்ட துணியை எரித்துவிட வேண்டும் என்பது அவர்களின் ஒழுக்கம். நோயாளிகளைத் தீண்டத்தகாதவர் போல் பார்த்த உலகம், அவர்களிடம் முதலில் இதைக் கேட்டிருக்கலாம்.

யோசெமிட்டியிலும் தாக்கிய இந்த நோய் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். மருந்து இல்லை, மூச்சுக்கருவியின் துணையோடு உடல் தாக்குப்பிடிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் சான்டா ஃபேயில் நடிகர் ஜீன் ஹாக்மனின் மனைவி, பியானோ கலைஞர் பெட்சி அரக்காவா இந்த நோயில்தான் இறந்தார். அரிதான நோய் என்பது உண்மையே. அதே சமயம், அது பரவும் முறை மிகச் சாதாரணமானது. யாரும் எலியிடம் கடிபட வேண்டியதில்லை. மூச்சு விட்டால் போதும்.

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ஒரு கொட்டகையையோ, கோடைவீட்டையோ திறக்கிறோம். தரையில் புழுக்கை, மூலையில் குதறிய பஞ்சு. கை தானாகத் துடைப்பத்தை எடுக்கிறது. ஒரு இழுப்பு; வெயிலில் தூசி எழும்பி மிதக்கிறது. காய்ந்த சிறுநீரும் நொறுங்கிய புழுக்கையும் அந்தத் தூசியில் இருக்கின்றன. வாக்குவம் கிளீனர் இதைவிட மோசம். உறிஞ்சியதைப் பொடியாக்கிக் காற்றில் திருப்பி ஊதும். ஆகவே பெருக்கவே கூடாது. கதவு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் வெளியே நிற்க வேண்டும். பிறகு ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, புழுக்கையும் கூடும் சொட்டச் சொட்ட நனையும்படி தெளிக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஊறட்டும். வைரஸைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறை பிளீச்சில் சிதைந்துபோகும். ஈரத்தில் தூசியும் எழும்பாது. அதற்குப்பின் காகிதத் துண்டால் வழித்தெடுத்து, இரண்டு பைகளில் கட்டிப் போட்டுவிட்டுத் தரையை மறுபடி துடைக்கலாம். செத்த எலியையும் இப்படியே நனைத்து எடுக்க வேண்டும்.

வீட்டுச் சுண்டெலி இந்த வைரஸைச் சுமப்பதில்லை. அதற்காக அதன் புழுக்கையை அலட்சியமாகப் பெருக்கிவிடலாம் என்றில்லை. சால்மொனெல்லா உண்டு, கர்ப்பிணிகளின் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் வேறொரு வைரஸும் அதனிடம் உண்டு. எந்த எலி வந்து போனது என்று புழுக்கையைப் பார்த்து யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நனைத்துத் துடைப்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

இனி, உள்ளே வந்துவிட்ட எலியை என்ன செய்வது?

ஸ்பிரிங் பொறி 1894ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தைச் சேர்ந்த வில்லியம் ஹூக்கர் காப்புரிமை பெற்றது. அதற்குப்பின் அடிப்படை மாறவேயில்லை. மாறத் தேவையும் இருக்கவில்லை. அதைப் பயன்படுத்தும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அறையின் நடுவில் பாலாடைக்கட்டியோடு ஒரே பொறியை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். சுண்டெலி அறையின் நடுவில் நடப்பதில்லை. மீசையும் விலாவின் முடியும் சுவரில் உரசிக்கொண்டே, ஓரமாக, ஒரே தடத்தில் ஓடும். பொறி சுவருக்குக் குறுக்கே, இரை வைக்கும் தட்டு சுவரைத் தொட்டபடி இருக்க வேண்டும். அதன் நடமாட்டம் கூட்டிலிருந்து பத்து மீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு ராத்திரியில் இருபது முப்பது இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கும். அதனால் ஒரு பொறி போதாது. இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாக, ஒரே நாளில் பல வைக்க வேண்டும். இரையாகப் பயறளவு வேர்க்கடலை வெண்ணெய் போதும். நிறைய வைத்தால் பொறியைத் தட்டாமலே நக்கிவிட்டுப் போய்விடும். குளிர்காலத்தில் கூடு கட்டப் பொருள் தேடும் எலி, தட்டில் இறுகக் கட்டிய பஞ்சுத் துணுக்கையும் இழுக்க வரும்.

பெரிய எலிக்குக் குணம் வேறு. சுண்டெலி புதுப்பொருளைக் கண்டால் போய் முகர்ந்து பார்க்கும். பழுப்பு எலியோ தன் வழியில் புதிதாக எது முளைத்தாலும் பல நாள் ஒதுங்கிப் போகும். அதற்குப் பொறியை விசை ஏற்றாமல் சில நாள் இரையோடு போட்டுவைத்து, அது பழகிய பிறகு விசை ஏற்ற வேண்டும்.

பசைப்பலகையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். அதில் ஒட்டிய பிராணி மணிக்கணக்கில் துடித்து, தோலும் உரோமமும் பிய்ந்து சாகிறது. இங்கிலாந்தில் 2024 ஜூலை முதல் உரிமம் இல்லாமல் அதை வைப்பது குற்றம். இரக்கம் ஒருபுறமிருக்க, பயந்த எலி சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும் என்பதால் நோய் அபாயமும் கூடுகிறது. உயிரோடு பிடிக்கும் கூண்டுக்கும் இந்தக் குறை உண்டு. பிடித்ததைப் பனியில் கொண்டுபோய் விட்டால், கூடும் சேமிப்பும் இல்லாத அந்த உயிர் அங்கே பிழைப்பது கடினம்.

இன்றைய எலிவிஷத்தின் வரலாறு குளிர்காலத்தில் தொடங்குகிறது. 1920களில் அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் மாடுகள் சிறு காயத்துக்கும் இரத்தம் உறையாமல் செத்தன. பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலே காரணம் என்று கால்நடை மருத்துவர்கள் கண்டார்கள். அதில் என்ன இருக்கிறது என்பது தெரியவில்லை. 1933 பிப்ரவரியில் விஸ்கான்சின் விவசாயி ஒருவர், செத்த கிடாரியையும், கொஞ்சம் வைக்கோலையும், உறையாத இரத்தம் நிரம்பிய பால் கேனையும் வண்டியில் போட்டுக்கொண்டு பனிப்புயலில் மேடிசன் நகருக்கு வந்தார். அன்று அவருக்குத் திறந்திருந்தது உயிர்வேதியியலாளர் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வுக்கூடம். ஆறு ஆண்டு உழைப்புக்குப்பின் அந்தக் குழு டைகூமரால் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. இரத்தம் உறைய வேண்டிய வைட்டமின் கே உடலில் மறுபடி மறுபடி பயன்படுவதை அது தடுக்கிறது. அதன் வழியில் உருவான வார்ஃபரின் 1948ல் எலிமருந்தாகக் கடைக்கு வந்தது. சில ஆண்டுகளில் மனிதருக்கான மருந்தாகவும் ஆனது.

வார்ஃபரினின் சாமர்த்தியம் அதன் தாமதத்தில் இருந்தது. தின்ற உடனே வயிற்றைப் புரட்டும் விஷத்தை எலி நினைவு வைத்துக்கொள்ளும்; மறுமுறை தொடாது. நாள் கழித்துக் கொல்லும் விஷத்தையும் தின்ற தீனியையும் அதனால் முடிச்சுப்போட முடியவில்லை. ஆனாலும் 1958லேயே ஸ்காட்லாந்துப் பண்ணையொன்றில் வார்ஃபரினுக்கு அசையாத எலிகள் தென்பட்டன. சுண்டெலிகளில் சில, அல்ஜீரியச் சுண்டெலி என்ற உறவினத்தோடு கலந்து அதனிடமிருந்து எதிர்ப்பு மரபணுவையே பெற்றுக்கொண்டன என்று 2011ல் தெரியவந்தது. பதிலாக வந்த புரோடிஃபாகூம் முதலிய இரண்டாம் தலைமுறை விஷங்கள் பன்மடங்கு வீரியம் உள்ளவை. ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். விஷம் தின்று தள்ளாடும் எலியை ஆந்தை எளிதாகப் பிடிக்கிறது. விஷம் ஆந்தைக்குப் போகிறது. நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்குக்காட்சியகத்திலிருந்து வெளியேறி ஓராண்டு சுதந்திரமாகப் பறந்த ஃபிளாக்கோ என்ற ஆந்தை 2024 பிப்ரவரியில் கட்டிடமொன்றில் மோதி இறந்தபோது, அதன் உடலில் நான்கு விதமான எலிவிஷங்கள் இருந்தன. புறாக்களிடமிருந்து தொற்றிய வைரஸும் அதை நலித்திருந்தது. எலியை நமக்காக இலவசமாகப் பிடிக்கும் பறவையை நாமே கொல்கிறோம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023 ஜனவரி முதல் இந்த விஷங்களின் பொதுப் பயன்பாட்டை நிரந்தரமாகத் தடை செய்துவிட்டது. வீட்டுக்குள் விஷம் வைப்பவருக்கு வேறொரு தண்டனையும் உண்டு: எலி சுவருக்குள் போய்ச் செத்து, வாரக்கணக்கில் நாறும்.

மின்சார இணைப்பில் செருகும் மீயொலிக் கருவிகளை நம்பிப் பணத்தை வீணாக்க வேண்டாம். விளம்பரத்துக்கு ஆதாரம் காட்டச் சொல்லி அமெரிக்க வணிக ஆணையம் 2001லேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது. பூனையைப் பற்றியும் நம் நம்பிக்கை அதிகப்படி. புரூக்ளினில் ஒரு குப்பைக் கிடங்கில் பழுப்பு எலிகளையும் தெருப் பூனைகளையும் கேமராவில் கவனித்தபோது, 79 நாளில் பூனைகள் கொன்றது இரண்டே எலிகள். சுண்டெலி பூனைக்கு இன்னும் எளிது என்றாலும், சுவருக்குள் குடியிருப்பதைப் பூனை என்ன செய்யும்?

பொறியால் பத்து எலிகளைப் பிடித்தாலும் வழி திறந்திருந்தால் பதினோராவது வரும். பெண் சுண்டெலி மூன்று வாரச் சினைக்காலத்தில் ஐந்தாறு குட்டிகளை ஈனும். குட்டிகள் ஆறேழு வாரத்தில் தாயாகும் வயதை எட்டிவிடும். நாம் பிடிப்பதைவிட வேகமான கணக்கு இது. ஆகவே முதல் வேலை வெளிச்சுவரை அடைப்பது.

சுண்டெலி நுழைய 6 மில்லிமீட்டர் போதும். பென்சில் புகும் துளையில் புகுந்துவிடும். பெரிய எலிக்கு 12 மில்லிமீட்டர். எலும்பை மடக்கிக்கொள்கிறது என்று சொல்வது சரியல்ல. மண்டையோடு புகுந்தால் மீதி உடம்பு நெளிந்து பின்னாலேயே போய்விடும், அவ்வளவுதான். வீட்டில் இந்த அளவு இடைவெளி எங்கே என்று தேடினால், அடுக்களைத் தொட்டிக்குக் கீழே குழாய் சுவரைத் துளைக்கும் இடம், எரிவாயுக் குழாய், ஏசியின் செம்புக்குழாய், கேபிள் வரும் ஓட்டை, துணி உலர்த்தும் இயந்திரத்தின் காற்றுப்போக்கி, அஸ்திவாரமும் பலகைச் சுவரும் சேரும் விளிம்பு, கார் கொட்டகைக் கதவின் இரண்டு கீழ்மூலைகள். வீட்டின் சூடான காற்று கசிவதும் பெரும்பாலும் இவ்விடங்களில்தான். வெப்பச் செலவைக் குறைக்க அடைப்பவர் எலியையும் சேர்த்தே அடைக்கிறார்.

வெறும் ஃபோமைத் தெளித்துவிட்டுப் போனால் பயனில்லை. யோசெமிட்டியில் எலிகள் குடைந்தது ஃபோமைத்தான். சுண்டெலியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்பவை. முன்பக்கம் மட்டும் கடினமான எனாமல், பின்பக்கம் மென்மையாக இருப்பதால் கொறிக்கக் கொறிக்க உளிபோல் தீட்டிக்கொள்ளும். மரம், ரப்பர், பிளாஸ்டிக், ஈயக்குழாய் எதுவும் அதற்குத் தடையில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் துளையில் இறுகத் திணித்து, மேலே சிலிகான் பூச வேண்டும். துருப்பிடிக்காத எஃகு நாராக இருந்தால் நீடிக்கும். பெரிய ஓட்டைக்கு 6 மில்லிமீட்டருக்கும் சிறிய கண்ணுள்ள கம்பிவலையும் சிமென்ட்டும். கதவடியில் உலோகப் பட்டை.

வரிசையும் முக்கியம். வெளித்துளைகளை அடைத்த அன்றே உள்ளே பொறிகளை வைத்துவிட வேண்டும்; அடைபட்டவை வெளியே போக வழியின்றி வீட்டுக்குள் தேடி அலையும். ஒரு வாரம் புதுப் புழுக்கை விழவில்லையா என்று பார்க்கலாம். சந்தேகமான இடத்தில் மாவைத் தூவி வைத்தால் காலையில் காலடி தெரியும். தடம் நின்ற பிறகே நனைத்துத் துடைக்கும் வேலை. தானியமும் பருப்பும் பறவைத் தீனியும் நாய்த் தீனியும் தகர டப்பாவுக்குள் போகட்டும்; விறகை வீட்டுச் சுவரில் சாய்த்து அடுக்க வேண்டாம்.

இதற்கெல்லாம் காலம் ஆகஸ்ட், செப்டம்பர். நவம்பரில் அடைத்தால், அதற்குள் உள்ளே கூடு கட்டியவற்றையும் சேர்த்துப் பூட்டுவதாகிவிடும். பகலில் அடிமட்ட அறைக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டு நின்றால், வெளிச்சம் ஊசியாய் நுழையும் ஓட்டைகள் தெரியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, பென்சிலை நுழைத்துப் பார்க்கலாம். பென்சில் போகிற ஓட்டைகளிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டும்.